குனிந்த தலைக்கு ஏற்ற ஒலியளவு

தோட்டத்துப் பள்ளியில் என்னோடு படித்தவர்களே, இவ்வாண்டின் ஒன்றுகூடல் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். 'நம் பொற்காலத்தைப் பற்றி இனிமையாக ஏதாவது' என்பது உங்கள் செயலாளர் அனுப்பிய குறுஞ்செய்தி. அதன் அடியில் பூக்களும் கூப்பிய கைகளும் வரிசை கட்டி நின்றன. அதற்கு முந்தைய வாரம்தான் ஒருவர் எங்கிருந்தோ என் சித்தப்பாவின் காருடைய படத்தைத் தேடியெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். 'ஞாபகம் இருக்கா? பாட்டுப் போட்டா டுரியான் துங்கால் வரைக்கும் கேக்குமே!' என்று அவர் எழுத, நீங்கள் ஆளுக்கோர் இதயம் வரைந்தீர்கள்.

எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் கேட்ட இனிமை மட்டும் அதில் எங்கே இருந்தது என்று விளங்கவில்லை. ஆகவே அந்தக் காரைப் பற்றியே எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழுத்த பப்பாளியின் நிறம் அதற்கு. மூன்றாம் கையோ நான்காம் கையோ, என் சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தபோது அதன் முன்கதவு ஒன்று வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியதாக இருந்தது. வெயிலில் நின்றால் இருக்கைத் தோல் காய்ந்து ஒரு வாடை கிளம்பும். அதோடு, சித்தப்பா எப்போதோ பின்பெட்டியில் ஏற்றிச் சென்ற ரப்பர்க் கட்டிகளின் புளித்த நாற்றமும் சேர்ந்துகொள்ளும். அந்த நாற்றத்தை ஓட்டுவதற்காக அவர் கண்ணாடியில் தொங்கவிட்ட வாசனை அட்டை, மூன்றாவது நாற்றமாக உடன் குடியேறியது. இந்த வாகனத்தில் ஏறுவதற்காக நீங்கள் சண்டை போட்டீர்கள். நானும் போட்டேன். குழந்தைகளுக்கு நுகரும் அறிவு சற்றுத் தாமதமாகத்தான் வரும் போலும்.

சித்தப்பா பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்தார். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டிலேயே, என் அப்பாவின் நிழலில் வாழ்ந்தார். அப்பா மண்டோர். பால்மரக் காட்டில் முப்பது பேரை மேய்க்கும் அந்தப் பதவி அவருக்கு ஒரு தொப்பியையும் ஒரு கனைப்பையும் கொடுத்திருந்தது. வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றுவார், கனைப்பைக் கழற்றமாட்டார். அவருக்கு அடங்கியே வளர்ந்த சித்தப்பாவுக்கு, உரக்கக் கேட்கும் எதன்மீதும் தீராத மோகம் இருந்ததில் வியப்பில்லை. காரிலிருந்த காசெட் பெட்டியின் ஒலி அவருக்குப் போதவில்லை. மலாக்கா நகரத்துக்குப் போய் ஓர் அம்ப்ளிஃபயர் வாங்கி வந்தார்.

அந்தப் பெருக்கிப் பெட்டியை அவர் காரில் பொருத்திய மாலையில் நீங்கள் எல்லோரும் சுற்றி நின்றீர்கள். விலா எலும்புகள்போல் மேலே வரிவரியாகப் புடைத்த, கறுப்பு அலுமினியப் பெட்டி. அதை விற்ற கடைமுதலாளி தவுக்கே, கடையில் வைத்தே படிப்படியாக அவருக்கு விளக்கியிருந்தார். பேட்டரியிலிருந்து வரும் சிவப்புக் கம்பியில் முதலில் ஒரு பியூஸ். கறுப்புக் கம்பியைக் காரின் உடம்பில் முடுக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி வெறும் இரும்பில்தான் முடுக்க வேண்டும். காசெட் பெட்டியை முடுக்கியதும் பெருக்கியை எழுப்பிவிடும் மெல்லிய நீலக் கம்பி ஒன்று. பாட்டைக் கொண்டுவரும் கம்பிகள், மின்சாரம் கொண்டுவரும் கம்பியை ஒட்டி ஓடக் கூடாது. கடைசியில் அளவு: பெருக்கியிலுள்ள சிறு திருகை அடிமட்டத்தில் வைத்துவிட்டு, காசெட் பெட்டியின் குமிழை முக்கால் வரை ஏற்றி, பிறகு திருகாணி முனையால் அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். பாடுகிறவரின் குரல் கிழியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை பின்னால் வர வேண்டும். "ஜாங்ஙான் புக்கா ஹாபிஸ்," முழுதாகத் திறந்துவிடாதே என்று தவுக்கே வாசல் வரை வந்து சொன்னாராம்.

இதையெல்லாம் சித்தப்பாவே எங்களிடம் சொன்னார், சிரித்துக்கொண்டு.

"தவுக்கேக்கு நம்ம பாட்டப் பத்தி என்னா தெரியும்? பியூஸ் போட்டா கரண்டத் தடுக்கும்லா. அந்தத் திருக முழுசா தொறக்கக் கூடாதுன்னா, பொறகு எதுக்கு அத்தன தூரம் திரும்புற மாதிரி செஞ்சு வச்சிருக்கான்?"

நீங்கள் தலையசைத்தீர்கள். அவர் பியூஸ் போடவில்லை. வண்ணத்தைச் சுரண்டவில்லை. கம்பிகளையெல்லாம் ஒன்றாக முறுக்கி, ஒரே கயிறாக்கி, விரிப்புக்கு அடியில் தள்ளினார். திருகு முழுவதும் திறந்தது. எஞ்சினை முடுக்கியதும் பாட்டுக்குப் பின்னால் ஒரு சீழ்க்கை கேட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது மேலே ஏறியது, விட்டால் இறங்கியது.

"அண்ணே, என்னமோ விசில் அடிக்குதே?" என்று உங்களில் ஒருவன் கேட்டான். இன்று அவன் மின்பொறியாளன். அன்று மட்டும் சரியான கேள்வி கேட்டான்.

"அதான்டா பவரு," என்றார் சித்தப்பா.

நாம் நம்பினோம். அன்றுமுதல் அந்தச் சீழ்க்கையோடும், தொண்டையில் சரளைக்கல் போட்டுக்கொண்டவர்கள் பாடுவது போன்ற அந்தக் கிழிசலோடும்தான் பாட்டென்றால் என்னவென்று இந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது. நீங்கள் இதயம் வரைந்தது அதற்குத்தான்.

இனி அத்தையைப் பற்றி.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் பிறந்தவர் அத்தை. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இடது காதை முற்றாகவும் வலது காதைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுத்த டிரெசர் அந்தக் காதுகளில் ஏதோ எண்ணெயை ஊற்றிப் பஞ்சு அடைத்து, 'வயசுக்கு வந்தா சரியாயிடும்' என்று சொல்லியனுப்பினாராம். அத்தை வயதுக்கு வந்து, முப்பதையும் நெருங்கிவிட்டார். எண்ணெய் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை.

ஆனால் அவர் கண்ணால் கேட்டார். எதிரில் இருப்பவரின் உதடு, தாடை, தொண்டைக்குழி இவற்றைப் பார்த்தே முழுப் பேச்சையும் வாசித்துவிடுவார். தோட்டத்து ரப்பர் ஆலையில், உருளை எந்திரங்களின் பேரிரைச்சலுக்கு நடுவே மற்றப் பெண்கள் நாள் முழுதும் கத்தித் தொண்டை புண்ணாகி வீடு திரும்புவார்கள். அத்தை அந்த முனையில் நிற்பவர் பேசுவதை இந்த முனையிலிருந்து படித்துப் பதில் சொல்வார். எனக்கும் பழக்கிவிட்டார். சமையலறையில் அவர் வெங்காயம் உரிக்க, கூடத்தில் நான் வீட்டுப்பாடம் எழுத, நாங்கள் இருவரும் குரலே இல்லாமல் பேசிக்கொண்டிருப்போம். பெரும்பாலும் அப்பாவின் கனைப்பைப் பற்றி. பதினோரு வயதில் எனக்கு வாய்த்த மிகச் சிறந்த உரையாடல்கள் அவை.

இந்தத் திறனுக்கு என் வீட்டார் வைத்திருந்த பெயர் 'முறைக்கிறது'. "பொம்பளப் புள்ள ஆம்பளைங்க வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறா, அசிங்கமா," என்று அம்மா சொல்வார். அத்தையின் காது கேளாமை வெட்கம்; அதை அவர் கடந்த விதம் அதைவிடப் பெரிய வெட்கம். இப்படியான கணக்குகளில் நம் பெற்றோர் கைதேர்ந்தவர்கள்.

அந்த ஆண்டின் இறுதி விடுமுறையில், மழை விட்டு விட்டுப் பெய்த நாள்களில், டுரியான் துங்காலில் பாத்திரக் கடை வைத்திருந்த தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பாயா ரும்புட்காரர். ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. தாயார் உண்டு, அக்காள் ஒருவர் உண்டு. கெட்ட பழக்கம் இல்லை. தரகர் இதை மூன்று முறை சொன்னார். கேட்காமலே சொன்னார்.

"காது விசயம் அவங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா கேட்டார்.

"நான் ஒண்ணும் வாய் தொறக்கல மண்டோரம்மா. நீங்களும் தொறக்காதீங்க. தாலி ஏறட்டும், பொறகு மெதுவா தெரிஞ்சா போதும்."

மெதுவாகத் தெரியட்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதான். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பெண் பார்க்க வரும்போது பெண் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார வேண்டும். நிமிர்ந்து, வந்தவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது திமிர். குனிந்தாலோ அத்தைக்கு ஒரு சொல்லும் எட்டாது. முந்தைய இரண்டு வரன்களும் அப்படித்தான் போயின. 'பேரு என்னம்மா?' என்று கேட்டார்கள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பொண்ணுக்கு இஷ்டமில்ல போல' என்று எழுந்து போனார்கள். நிமிரவிட்டால் போதும், அவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருப்பார். இது ஒருவருக்கும் தோன்றவில்லை. காதைச் சரிசெய்ய இயலாது. வழக்கத்தை மாற்றுவதோ அதனினும் இயலாது என்று நம்பினார்கள்.

வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைச் சிந்தித்தார், அதுவும் இது.

"அண்ணே, அவங்க வர்றப்ப கார்ல பாட்டுப் போட்டு வுட்டுடுவோம். நல்ல சத்தமா. அவங்க பேசணும்னா கத்தித்தானே ஆகணும்? கத்துனா அக்கா காதுல வுழுவும். குனிஞ்ச மேனிக்கே பதில் சொல்லிப்புடும்."

அப்பா கனைத்தார். அது சம்மதம்.

ஒருத்தியின் செவிட்டுத்தனத்தை மறைக்க வீட்டிலிருக்கும் அனைவரையும் செவிடாக்குவது என்று முடிவாயிற்று. அத்தை அடுக்களையில்தான் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் பேசியதை அவர் வாசல் இடுக்கு வழியே முழுதாகப் படித்துவிட்டார் என்பதையும் யாரும் நினைக்கவில்லை. என்னைப் பார்த்துக் குரலின்றி, "பைத்தியம் எத்தன பேரு, எண்ணு," என்றார். பிறகு வாயைச் சற்றே கோணி, "ஆனா ஆளு நல்லவனா இருந்தா நல்லாத்தான் இருக்கும், பாப்பா," என்றார். அவருக்கு அந்தத் திருமணம் வேண்டியிருந்தது. ஆலையிலிருந்து லயத்துக்கும் லயத்திலிருந்து ஆலைக்குமாகப் போன ஒரு வாழ்விலிருந்து வெளியேற அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கதவு அது. இதை நான் இப்போது சொல்வதற்குக் காரணம், அன்று கூடத்தில் கூடிய பெரியவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை என்பதே.

ஒலியளவு ஒரு பிரச்சினையாயிற்று. வருகிறவர்கள் கத்த வேண்டும். ஆனால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடக் கூடாது. சித்தப்பாவுக்கு அளவு என்பதே அந்நியச் சரக்கு. தவுக்கேயிடம் மறுபடி போய் நின்றார். என்ன சொல்லிக் கேட்டாரோ, திரும்பி வந்ததும் பேசாமல் பியூஸ் போட்டார். இரும்பைச் சுரண்டிக் கறுப்புக் கம்பியை முடுக்கினார். கம்பிகளைப் பிரித்து இருபுறமாக ஓட்டினார். சீழ்க்கை நின்றது. பவர் போய்விட்டதே என்று உங்களில் சிலர் வருந்தினீர்கள்.

பின்பு ஒத்திகை. ஒலிபெருக்கிகள் இருந்த காரின் பின்புறம் வீட்டைப் பார்க்கும்படி முற்றத்தில் நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவைத்தார்கள். மாப்பிள்ளை உட்காரப்போகும் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அப்பா இரு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, அத்தைக்குரிய பாயில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்தார். தொப்பி இல்லாமல், மணமகளாக, என் அப்பா. அந்தக் காட்சியைப் படம் எடுத்து வைத்திருந்தால் உங்கள் மலருக்கு அட்டைப்படமாகத் தந்திருப்பேன்.

"கேளுடி!" என்று அம்மா எனக்குச் சைகை காட்டினார்.

"பேரு என்னா?"

அப்பாவிடம் அசைவில்லை. காருக்குள்ளிருந்து சித்தப்பா குமிழை ஏற்றினார். ஏற்றியதும் என்னையறியாமல் என் குரலும் ஏறியது.

"பேரு என்னா!"

"ஆங்! வுழுந்துச்சு!" என்று மணமகள் பாயிலிருந்து துள்ளினார். "நிறுத்து தம்பி, அங்கனயே நிறுத்து! அதான் அளவு!"

சித்தப்பா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு தொட்டு, குமிழ் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். யாரும் சொல்லித்தராமல் அவர் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்தது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தார்கள். தோட்டத்து மின்சாரம் அந்தி சாய்ந்த பிறகே வரும். ஆகவே காரில் பாட்டுப் போட்டது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. வசதியான வீடு என்றுகூட எண்ணியிருக்கலாம். மாப்பிள்ளைக்குச் சலவைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. தாயார் பருத்த உடம்போடு எங்கள் வீட்டின் ஒரே சாய்வு நாற்காலியை நிறைத்தார். அக்காள் கூரைத் தகடு, பிளாஸ்டிக் பூ, சாமிப் படம் என்று கண்ணால் விலை போட்டுக்கொண்டு வந்தார். தரகர் கடைசியாக வந்து, கேசரித் தட்டுக்கு அருகில் அமர்ந்தார்.

பாட்டு சுண்ணாம்புப் புள்ளியில் ஒலித்தது. அத்தை கோப்பி கொண்டுவந்து வைத்து, பாயில் அமர்ந்து, தலை குனிந்தார்.

"பேரு என்னாம்மா!" என்று தாயார் கத்தினார்.

அத்தை சொன்னார்.

"வேலைக்குப் போறியா!"

"போறேன். ஆலையில, மிசினுல."

"சமைப்பியா!"

"சமைப்பேன்."

அப்பாவின் முகம் கோயில் விளக்குப்போல் மலர்ந்தது. தரகர் கேசரியை விழுங்கிவிட்டு, "பதில் எல்லாம் டக்கு டக்குன்னு வருது பாருங்க!" என்று கூவினார். எல்லாம் கைகூடிவிட்டது. இன்னும் கால் மணி நேரம் சித்தப்பாவை அசையாமல் வைத்திருந்தால் என் அத்தையின் வாழ்க்கை பாயா ரும்புட்டில் முடிந்துபோயிருக்கும்.

மாப்பிள்ளை சித்தப்பா பக்கம் சாய்ந்து, "செட்டு நல்லாருக்கு! எத்தன வாட்டு!" என்று கேட்டுவிட்டார்.

வாழ்நாளெல்லாம் ஒருவரும் கேட்காத கேள்வி. சித்தப்பா எழுந்தேவிட்டார். "இது பாதிகூட இல்ல மாப்ள! முழுசா கேக்குறீங்களா!" அப்பா கண்ணை உருட்டினார், கனைத்தார். அந்த இரைச்சலில் கனைப்பு யாருக்குக் கேட்கும்? சித்தப்பா முற்றத்துக்குப் போய், காருக்குள் குனிந்து, சுண்ணாம்புப் புள்ளியைக் கடந்தார்.

வீடு அதிர்ந்தது. தட்டிலிருந்த கோப்பிக் குவளைகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. சாமிப் படத்தின் கண்ணாடி சட்டத்துக்குள் கடகடத்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. வந்தவர்களுக்குக் கத்துவதில் இனிப் பயனில்லை என்று விளங்கிவிட்டது. அவர்கள் எங்களோடு பேசுவதை விட்டுவிட்டு, தலையைத் தலையோடு சேர்த்துத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அவ்வளவு ஓசைக்குள் தாங்கள் தனித்திருப்பதாக நினைத்தார்கள். முகத்தில் புன்னகையை எங்களுக்காக வைத்துக்கொண்டு, வாயை மட்டும் தங்களுக்கென எடுத்துக்கொண்டார்கள்.

அத்தைக்கு இப்போது ஒரு சொல்லும் விழவில்லை. பாயின் வழியாக உடம்பில் ஏறும் அதிர்வு மட்டுமே. தன்னிடம் ஏதோ கேட்கிறார்கள், பதில் சொல்லாவிட்டால் இதுவும் போய்விடும் என்று அஞ்சியிருக்க வேண்டும். அவர் தலையை நிமிர்த்தினார்.

அம்மா பதறிப்போய், குனி குனி என்று விரலை ஆட்டினார். அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை. தாயாரின் வாயைப் பார்த்தார். அக்காளின் வாயைப் பார்த்தார். மாப்பிள்ளையின் வாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அத்தையின் தேர்ச்சி இல்லை. ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. 'போலீசு'. பெண் பார்க்கும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். எல்லோரையும் கடந்து, படியிறங்கி, காரிடம் போய், சித்தப்பாவின் கையை விலக்கிவிட்டுக் குமிழைத் திருப்பினார். அது டக்கென்று அணைந்தது.

"...போவ மாட்டா!" என்ற அக்காளின் குரல் தன்னந்தனியாக எங்கள் கூடத்தின் நடுவில் வந்து விழுந்தது. அவர் கையால் வாயைப் பொத்தினார்.

அத்தை வாசற்படியில் நின்றார்.

"அக்கா, முழுசா சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

அக்காள் பொத்திய கையை எடுக்காமல் தாயாரைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க சொன்னது: 'வாயில்லாத பூச்சி. நம்ம வீட்டுக்கு இதான் சரி.' அக்கா சொன்னது: 'ஆமாமா, மொதல்ல வந்தவ மாதிரி அடி வாங்கிட்டுப் போலீசுக்குப் போவ மாட்டா.'" பிறகு மாப்பிள்ளையை நோக்கித் திரும்பினார். "நீங்க சொன்னது: 'சரிம்மா, சீக்கிரம் முடி, பசிக்குது.' இதுல ஏதாச்சும் தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

காது கேளாதவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரியாது என்பார்கள். ஒன்று கத்துவார்கள் அல்லது முனகுவார்கள் என்பார்கள். அன்று அந்த வீட்டில் சரியான அளவில் ஒலித்த குரல் அது ஒன்றுதான்.

"என்னா தரகரே, மொதல்ல வந்தவன்னா?" என்று அப்பா கேட்டார்.

"அது பழைய கதலா மண்டோரே. முடிஞ்சி போன விசயம். மெதுவா சொல்லலாம்னு..."

மாப்பிள்ளையின் தாயார் சாய்வு நாற்காலியிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நாணம் சிறிதும் இல்லை, அச்சம் இருந்தது.

"என்னா காதுடி அது! அந்தச் சத்தத்துல, எம் மகளுக்கு நான் பேசுனதே கேக்கல! பாம்புக் காது! இந்த மாதிரி பொண்ண வீட்டுல வச்சிக்கிட்டு நாங்க எப்படி வாயத் தொறக்கறது? எந்திரிடா!"

போனார்கள். தரகர் கேசரித் தட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பாதை வளைவில் அவர்கள் மறையும் வரை எங்கள் வீட்டில் யாரும் நகரவில்லை.

தோழர்களே, இந்த இடத்தில் ஓர் அண்ணன் தன் தங்கையிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணிப் பாருங்கள். என் அப்பா தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்தார். கனைத்தார்.

"தலையக் குனிஞ்சிக்கிட்டு இருன்னுதானே சொன்னேன்?"

சித்தப்பா, "நான் கொஞ்சந்தான்ணே ஏத்துனேன்," என்றார். அம்மா, மிஞ்சிய கேசரியை என்ன செய்வதென்று கேட்டார்.

அன்று மாலை வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை என்னிடம் குரலின்றிப் பேசினார். "ஒண்ணு சொல்லணும் பாப்பா. அவன் வாய் நல்ல வாய். அச்சுல போட்ட மாதிரி, படிக்கச் சுலபமா இருந்துச்சு." சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தால்தானே என்று நான் கேட்கவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியதன் மிகக் கேவலமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. தரகர் தம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார். தம் பங்கை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். மண்டோர் வீட்டுப் பெண்ணுக்குப் பாம்புக் காது, சுவருக்கு அப்பால் முணுமுணுத்தாலும் கேட்கும் என்ற செய்தி பாயா ரும்புட் வரை, பத்து பெரண்டாம் வரை பரவியது. ஒரு வாரம் சுருங்கிக் கிடந்த அப்பா, அந்தச் செய்தி ஆலைக்கு வந்து சேர்ந்த நாளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார்.

"எப்படி! நம்ம வீட்டுப் பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு இனிமே எவனாச்சும் சொல்லுவானா?"

அவருடைய திட்டம் வென்றுவிட்டதாம். அதற்குப் பின் ஒரு வரனும் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிடும் மருமகளை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? கேட்காத பெண் வேண்டாம் என்று எழுந்துபோன அதே ஊர்கள், கேட்கும் பெண்ணும் வேண்டாம் என்றன. தங்களுக்கு என்னதான் வேண்டும் என்பதை அவை கடைசிவரை சொல்லவில்லை.

மறு ஆண்டு பள்ளி திறந்தபோது அத்தை வீட்டில் இல்லை. பத்து பெரண்டாமில், எந்திரங்கள் ஓயாத ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கிவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று என்னிடம் மட்டும், கூடத்தின் மறுமுனையிலிருந்து, உதட்டால் சொன்னார். தொழிற்சாலை இரைச்சலில் எந்த மூலையில் யாருக்கு என்ன வேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே அறிந்த ஒரே ஆள் அவர் என்பதால், சில ஆண்டுகளில் அந்த எந்திர வரிசையின் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். பிறகு அவர் திருமணம் செய்துகொண்டாரா என்று கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். சொல்லப்போவதில்லை.

பப்பாளி நிறக் காரைச் சித்தப்பா விற்கும்போது பெருக்கியைக் கழற்றிக்கொண்டார். பின்னாளில் அது எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. காசெட் பெட்டி காரோடு போயிற்று. சுண்ணாம்புப் புள்ளியும் அதனோடு போயிருக்க வேண்டும். அது எதற்கென்று அதை வாங்கியவருக்கு விளங்கியிருக்காது.

நம் வயதில் இப்போது பாதிப் பேருக்குக் காது மங்கிவிட்டது. உங்களில் பலர் காதில் மாட்டியிருக்கும் அந்தச் சிறு கருவியும் ஒரு பெருக்கிதான். அதை அளவு பார்த்துப் பொருத்துகிறவர், குரல் கிழியும் இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து நிறுத்துகிறார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அதை முழுதாகத் திருப்பிவிடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். சித்தப்பா வீணாக வாழவில்லை.

எனக்கும் வலது காது மங்கிவிட்டது. கருவி மாட்டவில்லை. தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டு ஒன்றுகூடல் விருந்தில், ஆளுயர ஒலிபெருக்கிகளை மேடையின் இருபுறமும் நிறுத்திப் பாட்டுப் போட்டீர்கள். மேசையில் தண்ணீர்க் குவளைகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. பேசுவது வீண் என்று எல்லோரும் தலையைத் தலையோடு சேர்த்துக்கொண்டீர்கள். நான் எதிர்மேசையில் இருந்தேன். என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடியே செயலாளர் பொருளாளரின் காதில் சொன்னது: 'அடுத்த வருசம் மலருக்கு இவகிட்ட எதாச்சும் வாங்கிப் போடுவோம். பக்கம் நெறையணும்ல. யாரு படிக்கப் போறா?' பொருளாளர் சொன்ன பதிலை இங்கே எழுதினால் மலரை அச்சிடமாட்டீர்கள்.

இதோ, பக்கம் நிறைந்துவிட்டது. இந்த ஆண்டு விருந்துக்கும் வருகிறேன். என் வயதை எண்ணிப் பாட்டின் ஒலியைக் குறைக்க வேண்டாம். எவ்வளவு தூரம் திரும்புமோ அவ்வளவும் திருப்பிவையுங்கள். உங்கள் மேசைக்கு மேலே மட்டும் ஒரு நல்ல விளக்காகப் போடச் சொல்லுங்கள்.